சத்துவாச்சாரி பாய் கடை: ஊருக்குத் திரும்ப நினைக்கிற முகாம் ஆட்கள் முதலில் போக வேண்டிய ஜெராக்ஸ் கடை

வேலூர் கலெக்டர் ஆபீஸைச் சுற்றி இருக்கிற ஜெராக்ஸ் கடைகளை எண்ணி முடியாது. அதில் ஒரே ஒரு கடையைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். கடந்த பதினாலு மாதத்தில் நானும் அம்மாவும் அந்தக் கடைக்கு இருபது தடவைக்கு மேல் போய் வந்துவிட்டோம். இலங்கைத் தமிழர் முகாமில் இருந்து இலங்கைக்கு, சொந்த ஊருக்குத் திரும்ப நினைக்கிற யாராவது இதைப் படித்தால், அதற்கு முன்னால் நாங்கள் வீணாக்கிய ஒரு வருடம் அவர்களுக்காவது மிச்சமாகட்டும்.

நான் மேல்மொணவூர் முகாமில் வளர்ந்தவள். அம்மாவுக்கு மன்னார் மாவட்டம், விடத்தல்தீவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 1990 ஆகஸ்டில் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத நிலையில் அப்பாவும் அம்மாவும் படகில் ராமேஸ்வரம் வந்தார்கள், அங்கிருந்து மண்டபம் முகாம், மண்டபத்தில் இருந்து இந்தப் பக்கம். நான் 1991-இல் வேலூரில் பிறந்தேன். அப்பா இங்கேயே இறந்துவிட்டார். அம்மாவுக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. "கண் மூடுறதுக்கு முன்னம் எங்கட வளவில போய் இருக்கோணும் பிள்ளை" என்று 2009-இல் போர் முடிந்ததில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார், நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

கடை இருக்கிற இடம்: கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்ச்சாரியில் உள்ளே திரும்புகிற ஒரு தெரு, டீக்கடையை ஒட்டி, பச்சை ஷட்டர். பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போய் எழுத்தே தெரியாது. பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன், வேண்டாம்மா, கூட்டம் வந்தா என்னால பாக்க முடியாது என்றார். முகாம் பேப்பர் எழுதுகிற பாய் கடை என்று அந்த டீக்கடையில் கேட்டாலே காட்டிவிடுவார்கள். பத்துக்குப் பத்து அடி இருக்கும். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பெரிய ஜெராக்ஸ் மிஷின், ஒரு பிரின்டர், மூலையில் துணி போட்டு மூடிய பழைய டைப்ரைட்டர். ஜெராக்ஸ் பக்கத்துக்கு 2 ரூபாய், ஸ்கேன் 10, மனு டைப் அடித்து பிரின்ட் எடுக்க 60, அஃபிடவிட் 150, முத்திரைத்தாளும் நோட்டரியும் தனி. முகாம் ஆட்கள் என்று கூடவும் வாங்குவதில்லை, பாவம் என்று குறைக்கவும் மாட்டார். எல்லாருக்கும் ஒரே விலை. அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

இதற்கு முன்னால் நாங்கள் போனது ஒரு ஏஜென்டிடம். யார், எங்கே என்பதெல்லாம் வேண்டாம். மூன்றே மாதத்தில் பாஸ்போர்ட் கையில் இருக்கும், விமான டிக்கெட்டும் நாங்களே போட்டுவிடுவோம், நீங்கள் அலையவே வேண்டாம் என்றார்கள். 18,000 ரூபாய் கொடுத்தோம். குடும்பத் தலைவி என்ற முறையில் அம்மாவுக்கு அரசு கொடுக்கிற பணக்கொடை மாதம் 1,500. கணக்குப் போட்டால் சரியாக ஒரு வருடப் பணம். பதினோரு மாதம் இன்று வா நாளை வா என்று இழுத்துவிட்டு, கடைசியில் நாங்கள் கொடுத்த அதே கட்டை, கட்டிய ரப்பர் பேண்டைக்கூட அவிழ்க்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். அன்று பஸ்ஸில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முகாமில் பக்கத்து வீட்டு அக்காதான், விடு, பாய் கடைக்கு ஒருதரம் போய்ப் பாரு என்றார்.

முதல் நாள் பாய் எங்களிடம் என்ன வேண்டும் என்று கேட்கவே இல்லை. இருக்கிற எல்லாத்தையும் மேசை மேல வைங்க என்றார். அம்மா மஞ்சள் பையைக் கவிழ்த்தார். முப்பத்தைந்து வருடக் காகிதம். அவர் அதை மூன்று அடுக்காகப் பிரித்தார்: இலங்கையில் கொடுத்தது, மண்டபத்தில் கொடுத்தது, வேலூரில் கொடுத்தது. அதில் ஒன்றோடு ஒன்று பெயர் பொருந்தாத இடங்களை எல்லாம் பென்சிலால் சின்னதாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தார், அதுவும் ஜெராக்ஸ் காப்பியில், ஒரிஜினலில் கைகூட வைக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வெளியே நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், சலித்துக்கொண்டு ஒருவர் போயே போய்விட்டார். ஆனால் எங்கள் வாழ்க்கையில் யாரோ ஒருவர் அந்தக் காகிதங்களை முழுசாகப் படித்தது அன்றைக்குத்தான்.

பொருந்தாதது என்று நான் சொல்வது இதுதான். அப்பாவின் பெயரில் ஒரு ழகரம் வரும். மண்டபத்தில் பதிந்தவர் அதை லகரம் ஆக்கிவிட்டார். என் பிறப்புச் சான்றிதழில் ளகரம். இலங்கையில் அப்பா பெயரை முழுசாக முன்னால் எழுதி அப்புறம் தன் பெயரை எழுதுவார்கள், இங்கே இனிஷியல் ஒற்றை எழுத்தோடு போய்விட்டது. ஆக அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெண், முகாம் அட்டையில் வேறொரு பெண், ஆதாரில் இன்னொரு பெண். மூவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவில்லை என்றால் அம்மா எந்த நாட்டுக்காரி என்பதே கேள்விக்குறி ஆகிவிடும்.

ஊர்ப் பெயரிலும் சிக்கல். எங்கள் பழைய பதிவில் சில இடத்தில் வட ஆற்காடு, சில இடத்தில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், புதுசில் எல்லாம் வேலூர். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தபோது வந்த பெயர் வட ஆற்காடு அம்பேத்கர், அது பிறகு வேலூர் ஆனது, 2019-இல் மறுபடி மூன்றாக உடைந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியானது. நமக்கு இது தெரிந்த கதை. கடல் தாண்டி இருக்கிற ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இது மூன்று ஊர், இந்தக் குடும்பம் எங்கெங்கோ அலைந்திருக்கிறது என்றுதான் தோன்றும். பாய் அந்தக் காலத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் டைப்ரைட்டர் வைத்து உட்கார்ந்திருந்தவர், அந்தப் பெயர் மாற்றம் ஒவ்வொன்றையும் தன் கையால் அடித்தவர். மூன்றும் ஒரே மாவட்டம்தான் என்று அஃபிடவிட்டில் ஒரு பத்தி சேர்த்தார். மின்னூர் முகாமில் இருந்து வந்த ஒரு தம்பிக்கும் இதே பத்தியை, திருப்பத்தூர் பெயரையும் சேர்த்து, என் கண்ணெதிரே அடித்துக் கொடுத்தார்.

டைப் அடிப்பது பாயின் மருமகள். அந்த அக்காவின் வேகத்தைச் சொல்ல வேண்டும், தமிழும் இங்கிலீஷும் ஒரே வேகம். அடித்து முடித்ததும் பிரின்ட் எடுக்க மாட்டார்கள். முதலில் திரையைத் திருப்பி வைத்து, ஒவ்வொரு எழுத்தாக நம்மையே சத்தமாகப் படிக்கச் சொல்வார்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, அதனால் அக்கா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அம்மா தன் பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் "இல்லைப் பிள்ளை, எங்கட அப்பான்ரை பேருக்கு அந்த எழுத்து இல்லை" என்று நிறுத்தினார். நிறுத்தியது சரிதான். திருத்தினார்கள். ஏஜென்ட் ஆபீஸில் இந்த ஒரு நிமிடம் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஊருக்குப் போக என்ன பெரிய பேப்பர், வந்த வழியே போக வேண்டியதுதானே என்று வேலூரில் என்னோடு வேலை பார்க்கிறவர்களே கேட்டிருக்கிறார்கள். 1983 ஜூலையில் இருந்து 2012 வரை 3,04,269 பேர் அங்கிருந்து இங்கே வந்தார்கள் என்பது மத்திய அரசின் கணக்கு. 1995 மார்ச் வரை 99,469 பேரை அரசே ஏற்பாடு செய்து திருப்பி அனுப்பியது. அதோடு அரசு ஏற்பாடு நின்றது. அதன் பிறகு போகிறவர்கள் ஒவ்வொருவராக, குடும்பம் குடும்பமாக, ஐ.நா.வின் அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர். உதவியோடோ சொந்தக் காசிலோதான் போக வேண்டும். அதற்கு இலங்கைக்காரர் என்பதற்கு ஆதாரம் வேண்டும், சென்னையில் இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்தில் பயணப் பத்திரம் வாங்க வேண்டும், இங்கே பிறந்த பிள்ளைகளை அங்கே குடிமக்களாகப் பதிய வேண்டும், இந்தியாவை விட்டு வெளியேற அனுமதி வாங்க வேண்டும், விசா இல்லாமல் இத்தனை வருடம் இருந்ததற்கு அபராதம் கேட்காமல் இருக்க விலக்கு வாங்க வேண்டும், முகாமில் கணக்கு முடித்துச் சான்று வாங்க வேண்டும். ஒவ்வொன்றும் இன்னொன்றைக் கேட்கும்.

என் நிலைமை தனி. இந்தியச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன் பிறகு பிறந்தவருக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்கு அப்புறம் இன்னும் இறுக்கிவிட்டார்கள். நான் 1991. நாலைந்து வருடம் முன்னால் இங்கே பிறந்திருந்தால் நான் இந்தியப் பெண். இலங்கைச் சட்டப்படி வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும், முகாமில் கைக்குழந்தையோடு இருந்த அம்மாவுக்கு அதை யார் சொன்னார்கள்? ஆக முப்பத்து நாலு வயது வரை நான் எந்த நாட்டுப் புத்தகத்திலும் இல்லை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று நாட்டுச் சிறுபான்மையினர் இருக்கிறார்கள், இலங்கைத் தமிழர் இல்லை. பாய் இதை எனக்குச் சொன்ன விதத்தை நான் மறக்க மாட்டேன். "நீ போறியா இல்லையான்னு அப்புறம் முடிவு பண்ணும்மா, முதல்ல ஏதாவது ஒரு நாட்டுல உன் பேரு இருக்கட்டும்." இலங்கையில் காலதாமதமாகப் பதிவதற்கான படிவங்களை எடுத்து வைத்து, எதற்கு எத்தனை காப்பி என்று பென்சிலில் எழுதிக் கொடுத்தார். பதிவு போட்டாயிற்று, காத்திருக்கிறேன்.

நான் பார்த்ததிலேயே கஷ்டமான கேஸ் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா குடும்பம்தான். அவர்கள் மலையகத்துக்காரர்கள். அக்காவின் பாட்டனார் இதே வட ஆற்காட்டில் இருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1948-இல் சிலோன் குடியுரிமைச் சட்டம் வந்ததும் தோட்டத்து ஆட்கள் நாடில்லாதவர்கள் ஆனார்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையை எண்ணிப் பிரித்துக்கொண்டார்கள், மீதி 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். அந்த எண்ணிக்கையில் எந்தப் பக்கமும் சேராமல் இருந்தவர்கள் அக்கா வீட்டார். 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் ஓடி, போரில் அங்கிருந்தும் ஓடி, பாட்டன் புறப்பட்ட அதே மாவட்டத்துக்கு அகதியாக வந்து சேர்ந்தார்கள். இவர்களுக்கு 'திரும்புவது' என்றால் எங்கே? இந்தக் குழப்பத்தில் தமிழ்நாட்டு முகாம்களில் பல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு இலங்கை 2003-இலும் 2009-இலும் குடியுரிமைச் சட்டங்கள் கொண்டுவந்தது, 2009 திருத்தம் இந்தியாவுக்கு ஓடி வந்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. அந்தச் சட்டம் இருப்பது முகாமில் யாருக்கும் தெரியாது. பாய் எங்கேயோ கேட்டு, பிரின்ட் எடுத்து ஃபைலில் வைத்திருந்தார்.

ஆனால் இந்த இடத்தில் கடையின் குறையையும் சொல்ல வேண்டும். அக்காவின் பிறப்புச் சான்றிதழ் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. இந்தக் கடையில் சிங்களம் படிக்க ஆள் இல்லை. பாய் அதைப் பத்து நாள் வைத்திருந்து, யாரையோ விசாரித்து, கடைசியில் சென்னைக்குப் போங்க என்றார். அந்தப் பத்து நாள் வீண். முதல் நாளே எங்களால முடியாது என்று சொல்லியிருக்கலாம், அதை நான் அவரிடமே சொன்னேன், ஒத்துக்கொண்டார்.

காணி விஷயம். நிறைய பேருக்கு ஊருக்குப் போவதற்கு அர்த்தமே காணிதான். அம்மாவிடம் தாத்தா பெயரில் இருந்த உறுதி, அதாவது காணிப் பத்திரம் ஒன்று இருக்கிறது, நாலாக மடித்து மடிப்பு எல்லாம் கிழிந்துபோனது. அதை லேமினேஷன் பண்ணித் தாருங்கள் என்று அம்மா கேட்டார். பாய் கடையில் மிஷின் இருக்கிறது, பண்ணினால் காசு. அவர் மாட்டேன் என்றுவிட்டார். உறுதிப் பத்திரத்தை லேமினேஷன் பண்ணினா அப்புறம் முத்திரை, மை, காகிதம் எதையும் யாரும் சோதிக்க முடியாதுக்கா, செல்லாதுன்னு தள்ளிடுவாங்க என்று சொல்லி, கெட்டியான பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து அதில் மெதுவாகச் செருகிக் கொடுத்தார். பிறகு இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முகாமில் எத்தனையோ வீட்டில் உறுதியை லேமினேஷன் பண்ணி மாட்டியே வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

உறுதி இருந்தால் மட்டும் காணி கிடைத்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் பத்து வருடம் ஒருவர் தடையில்லாமல் ஒரு நிலத்தை ஆண்டால் அது அவருடையது என்று வாதாடலாம், 1871-ஆம் வருடத்துச் சட்டம். போரில் ஓடியவன் பத்து வருடத்துக்குள் வந்து எப்படித் தடுப்பான்? 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று 2016-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்கும் கெடு வைத்தார்கள். முகாமில் இருக்கிறவருக்குச் செய்தி வந்து சேருவதற்குள் கெடு முடிந்துவிடும். இதில் பாய் வாயே திறக்கவில்லை, அது வக்கீல் வேலை, அங்க இருக்கிற ஒரு வக்கீலைத்தான் பாக்கணும், நான் எழுதிக் கொடுத்தா தப்பாயிடும் என்றார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற கடைக்காரரை நான் அவரைத் தவிரப் பார்த்ததில்லை.

காணியை வெறும் அண்டை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டால் வழக்காவது போடலாம். மன்னாரில் முள்ளிக்குளத்து மக்களை 2007-இல் வெளியேற்றிய பிறகு அங்கே கடற்படை முகாம் வந்தது, சிலாவத்துறையிலும் மக்களின் நிலத்தில் கடற்படை. யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கில் 1990-இல் போனவர்களின் நிலத்தைப் பல வருடம் கழித்துத் துண்டு துண்டாகத்தான் ராணுவம் விட்டது. முல்லைத்தீவு மாவட்டம் கேப்பாப்புலவில் பெண்கள் 2017-இல் ராணுவ முகாம் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். தாய்மார் தெருவில் உட்கார்ந்துதான் நிலத்தைத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது, அதை அம்மா செய்தியில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் கடையில் கூட்டம் இல்லை. பாய் அம்மாவிடம், வீட்டைப் பூட்டிட்டு வந்தீங்களாக்கா என்று சாதாரணமாகக் கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். வரும்போது திறப்பை, அதாவது வீட்டுச் சாவியை, பக்கத்து வளவு முஸ்லிம் குடும்பத்திடம் கொடுத்துவிட்டு வந்தாராம், "ஒரு மாசத்தில வந்திடுவம், ஆட்டுக்குத் தண்ணி வையுங்கோ" என்று சொல்லி. இரண்டே மாதம். 1990 அக்டோபர் கடைசியில் வடக்கில் இருந்த முஸ்லிம்கள் எல்லாரையும், சுமார் 75,000 பேர், புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு மணி நேரம் கெடு. மன்னார்க்காரர்கள் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போனார்கள். எங்கள் வீட்டுத் திறப்பும் அவர்களோடு போயிற்று. அவர்கள் வீட்டுத் திறப்பை யாரிடம் கொடுத்தார்களோ. அம்மா அன்றுதான் இதை முழுசாகச் சொன்னார், எனக்கே அதுவரை தெரியாது.

இதை நான் எங்கள் முகாம் ஆட்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சிறுபான்மை உரிமை என்று நாம் கேட்கிறோம், கொழும்பிடம் கேட்கிறோம், டெல்லியிடம் கேட்கிறோம். நம் நடுவிலே சிறுபான்மையாக இருந்தவர்களை நம் பெயரால் துரத்தியதையும் சேர்த்துச் சொல்லாமல் அந்த உரிமையை வாய் திறந்து கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு 2009-க்கு அப்புறம் திரும்பிய முஸ்லிம்களில் மன்னார் மாவட்டத்து முசலிப் பக்கத்துக்காரர்களுக்குத் தங்கள் ஊரே காடு வளர்ந்து, பிறகு அரசு ஆவணத்திலும் காடு என்று ஆகிப் போயிருந்தது. அவர்களும் இன்றைக்கும் பேப்பரோடுதான் அலைகிறார்கள். பாய் அன்று ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் டீ வாங்கி வந்தார். அந்தத் திறப்பு வைத்திருந்த குடும்பத்தின் பெயரையும் ஊரையும் அம்மாவின் ஃபைலில் ஒரு தாளில் எழுதி வைத்தார், காணி எல்லையைச் சொல்ல அவர்கள் சாட்சி ஆகலாம், நீங்க அவங்களுக்குச் சாட்சி ஆகலாம் என்று.

2025 மே மாதம் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். யு.என்.எச்.சி.ஆர். உதவியோடு, எல்லாப் பேப்பரும் சரியாக வைத்துக்கொண்டு, இங்கிருந்து போன ஒரு முதியவரை யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். பல வருடங்களுக்கு முன்னால் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள முறையான வழியில் அல்லாமல் நாட்டை விட்டுப் போனதுதான் குற்றம். பிறகு விடுவித்தார்கள், ஆனால் முகாமில் அந்த வாரம் யாரும் தூங்கவில்லை. போக மனு கொடுத்திருந்த இரண்டு குடும்பம் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டது. வேறு எந்தக் கடைக்காரராக இருந்தாலும் அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, நீங்க போங்க என்றிருப்பார், அவருக்கு அதில் வருமானம் இருக்கிறது. பாய் தானே எங்களுக்கு போன் பண்ணி, செய்தியைப் பாத்தீங்களா, இப்ப அவசரப்பட வேண்டாம், ஃபைல் என்கிட்ட பத்திரமா இருக்கும் என்றார். அந்த ஒரு போனுக்காகவே இந்தக் கடைக்கு முழு மார்க் கொடுப்பேன். செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குப் புதிய குடிவரவுச் சட்டத்தின் தண்டனையில் இருந்து விலக்கு கொடுத்தது. அந்த உத்தரவின் பிரின்ட்டை பாய் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார், வருகிறவர்களை எல்லாம் படிக்கச் சொல்கிறார்.

புது வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்களே, அப்புறம் எதற்குப் போக வேண்டும் என்றும் கேட்பார்கள். உண்மைதான். 2021 நவம்பரில் எங்கள் மேல்மொணவூரில்தான் முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார், 2023 செப்டம்பரில் இங்கேயே வந்து 19 முகாம்களுக்கான 1,591 வீடுகளைத் திறந்து வைத்தார். பத்துக்குப் பத்து அறையில் மழை ஒழுக வளர்ந்தவளுக்கு கான்கிரீட் கூரையின் மதிப்பு தெரியும், நன்றியோடுதான் சொல்கிறேன். அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியதும் எனக்கு முக்கியம். ஆனால் வீடு வேறு, நாடு வேறு. இங்கேயே இருக்க ஆசைப்படுகிறவனுக்குக் குடியுரிமை வேண்டும், போக ஆசைப்படுகிறவனுக்குப் பயமில்லாமல் போக வழி வேண்டும், போன இடத்தில் காணியும் தொழிலும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் வேண்டும். போஸ்னியாவில் 1995 டேட்டன் ஒப்பந்தத்தில் திரும்பி வரும் உரிமையைத் தனி இணைப்பாகவே எழுதி, கேட்ட வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றைத் திருப்பியும் கொடுத்தார்கள். வீட்டை வாங்கியவர்களில் நிறைய பேர் அதை விற்றுவிட்டுத் தங்கள் இனத்தார் அதிகமாக இருக்கிற ஊருக்கே போய்விட்டார்கள், வேலை இல்லை, பள்ளிக்கூடம் சரியில்லை, பக்கத்து வீட்டைப் பார்த்தால் பயம். அதைப் படித்ததில் இருந்து அம்மாவிடம் நான் கேட்பது ஒன்றுதான், அங்கே யார் இருக்கிறார்கள் அம்மா? சித்தி ஒருத்தி இருக்கிறாள், இந்திய அரசின் வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீட்டில். கிணறு இருக்கிறது. "கிணறு இருந்தாப் போதும் பிள்ளை" என்கிறார் அம்மா.

வேலூரில் முத்து மண்டபத்துக்கு நாங்கள் வருடத்துக்கு ஒருதரமாவது போவோம். கண்டியின் கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கனை 1815-இல் ஆங்கிலேயர் பிடித்து, பிறகு இந்த வேலூர்க் கோட்டையில்தான் குடும்பத்தோடு வைத்திருந்தார்கள். 1832-இல் இங்கேயே இறந்தார், பாலாற்றங்கரையில் சமாதி. அம்மா அங்கே போனால் ஒரு பூ வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். போன மாதம் பாய் கடை வெள்ளிக்கிழமை தொழுகைக்கு மூடியிருந்தபோது அங்கே போய்விட்டு வந்தோம்.

அதையும் சொல்லிவிடுகிறேன், வெள்ளிக்கிழமை பன்னிரண்டரையில் இருந்து இரண்டரை வரை கடை கிடையாது. திங்கட்கிழமை மனு நாள், கலெக்டர் ஆபீஸ் கூட்டம் முழுக்க அங்கே நிற்கும், போகவே போகாதீர்கள். செவ்வாய், புதன் காலை பத்தரைக்குப் போனால் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். உட்கார என்று சொன்னேனே தவிர நாற்காலி இரண்டுதான், வயதானவர்களைக் கூட்டிப் போனால் டீக்கடை பெஞ்சில் உட்கார வையுங்கள். டோக்கன் முறை இல்லாததால் முண்டியடிக்கிறவர்களுக்குத்தான் முதலில் வேலை நடக்கிறது, இதை பாய் சரி பண்ண வேண்டும், பெண்கள் குழந்தையோடு வந்து பின்னாலேயே நிற்கிறார்கள். பிரின்டர் அடிக்கடி மக்கர் பண்ணும். கார்டு வாங்க மாட்டார், ஜிபே உண்டு. ஒரிஜினல் எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டு போங்கள், ஆனால் ஒரிஜினலை எந்தக் கடையிலும் இரவு தங்க விடாதீர்கள், இந்தக் கடையிலும்தான். அவரே அப்படித்தான் சொல்வார், அவர் ஃபைலில் இருப்பது எல்லாம் காப்பிதான்.

அம்மாவின் பயணப் பத்திரத்துக்கு மனு போட முடிவு பண்ணிவிட்டோம். நான் கூடப் போகிறேனா என்பது என் பதிவு வந்த பிறகு. வருகிற செவ்வாய் பாய் கடைக்குப் பக்கத்து ஸ்டூடியோவில் அம்மாவுக்குப் போட்டோ எடுக்க வேண்டும். இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று டைப் அடிக்கிற அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறார். தலையை எப்படி வாரினால் காது தெரியும் என்று அம்மா இன்று காலையில் இருந்து கண்ணாடி முன்னால் நின்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.